களை எடு என்ற வரி

தி.நகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பத்திரங்களையும் சான்றிதழ்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். பிறந்த இடம், தகப்பனார் பெயர், நான்கெல்லை. இருபது வருடமாக இதே சொற்கள்தான். அதனால் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் படியேறி வந்து பென் டிரைவை மேஜைமேல் வைத்து, "ஒரு பாட்டு இருக்கு மேடம், வரி வரியா எழுதி இங்கிலீஷ் பண்ணணும்" என்றபோது, மாறுதலாக இருக்கட்டுமே என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

விஷயத்தை அவரே சொன்னார். மயிலாப்பூரில் ஓர் ஊர்வலம் போயிருக்கிறது. லாரியில் ஸ்பீக்கர் கட்டி இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஊர்வலம் கடந்த கையோடு ஒரு தையல் கடையை உடைத்து, தையல்காரரின் கையை முறித்துவிட்டார்கள். அடித்தவர்கள்மேல் ஒரு வழக்கு. எழுதியவர்மேலும் பாடியவர்மேலும் தனியாக ஒரு வழக்கு. பாட்டு வெளிநாட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் இருந்ததால், அதை எடுக்கச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வேண்டியிருந்தது.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். மூன்றரை நிமிடம். முதல் சரணம் எங்களைப் பற்றி. கப்பலில் வந்தவனோடு சேர்ந்துகொண்ட கூட்டம் என்று தொடங்கியது. நாங்கள் மயிலாப்பூர்க் கத்தோலிக்கர்கள். எத்தனை தலைமுறை என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாம் சரணம் தையல்காரரின் சமூகத்தைப் பற்றி. அதில் வந்தேறி என்ற சொல் எட்டு முறை வந்தது. பிறகு மூன்று தெருக்களின் பெயர். அதற்கடுத்து 'களை எடு' என்று கோரஸ்.

மூன்று தெருக்களில் ஒன்றில் நான் வளர்ந்தேன்.

பாட்டு நன்றாக இருந்தது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. குரல் கனிந்த குரல், தாளம் காலை ஆட்டவைக்கும் தாளம். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டதில், வாரக் கடைசியில் அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் காலையில் அடையாறு வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கினார்.

"என்ன பாடுற?"

அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கோரஸைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் ரேடியோவைப் போட்டார்.

வந்தேறிக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. அகராதிச் சொல்லைப் போட்டால் குடியேறியவர் என்று மரியாதையாக நிற்கிறது. அந்த மரியாதை பாட்டில் இல்லை. கடைசியில் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் போட்டு, இது வசையாக ஆளப்படுகிறது என்று அடிக்குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வருடம் கழித்துச் சம்மன் வந்தது. அரசுத் தரப்பில் நானும் ஒரு சாட்சி.

முதல் தடவை போனபோது எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. அடுத்த முறை நீதிபதி விடுப்பு. பிறகு ஏதோ காகிதம் வந்து சேரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் டிபன் பாக்ஸோடு போய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் திரும்பி வருவேன். தையல்காரரும் அதே பெஞ்சில்தான். அறுபது வயதிருக்கும். கை கூடிவிட்டதா என்று கேட்டேன்.

"கூடிருச்சும்மா. கத்திரிய புடிச்சா அரை மணி நேரம் தாங்குது. அப்பால விரல் மரத்துப் போவுது" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் அந்தப் பாட்ட முழுசா கேட்டதே இல்லம்மா. இன்னாதான் சொல்றான் அதுல?"

"நல்லதா ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

பாடியவர் ஜாமீனில் இருந்தார். வராந்தாவின் மறுகோடியில் நிற்பார். நாற்பது வயது தாண்டியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான்காவது வாய்தாவிலோ ஐந்தாவதிலோ, நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அவரும் நின்றார். நான் விலகப் பார்த்தேன். அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"மேடம், உங்க மாதா கோயில் திருவிழால நான் பாடிக்கிறேன். ரெண்டு வாட்டி. லைட் மியூசிக் பார்ட்டியோட வந்தேன்" என்றார். "மாதா பாட்டு நாலஞ்சு இன்னும் ஞாபகம் கீது."

எனக்கும் ஞாபகம் வந்தது. முகம் அல்ல, குரல். தேர் நிலைக்கு வந்தபின் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாங்கள் கேட்ட குரல்.

"அப்புறம் ஏன் இதைப் பாடினீங்க?"

"எழுதிக் குட்த்தாங்கோ, பாடினேன். எல்லாத்தையும் அப்டித்தான் பாடறேன்."

"தெருப்பேரெல்லாம் வருதே. அதுவுமா தெரியாம பாடினீங்க?"

அவர் குழாயை மூடினார். தெரிந்துதான் பாடியிருக்கிறார் என்று அப்போது எனக்குப் பட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கால்தான் வலித்தது.

அதற்கடுத்த வாய்தாவில் டவாலி என் பெயரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் என் அடிக்குறிப்பைப் படித்துக் காட்டினார்.

"நீங்க கிறிஸ்டியன்தானே?"

"ஆமாங்க."

"அப்போ இந்தப் பாட்டு உங்களைப் புண்படுத்தியிருக்கும். அதனால மொழிபெயர்ப்பைக் கூட்டி எழுதியிருக்கீங்க."

"புண்பட்டேன். கூட்டி எழுதலைங்க."

"களை எடுன்னா விவசாய வேலை. அதுல என்ன தப்பு?"

"அந்த வரிக்கு முன்னாடி மூணு தெருப்பேர் வருதுங்க. அங்க வயல் கிடையாது. வீடுங்கதான் இருக்கு."

நீதிபதி எழுதிக்கொண்டார். வக்கீல் அதை மீண்டும் வேறு மாதிரி கேட்டார். நான் மீண்டும் அதையே சொன்னேன். முக்கால் மணி நேரம். பாடியவர் கைகட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது பாட்டு முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். ராகம் ஒட்டாமல் படிப்பது கஷ்டமாக இருந்தது. தையல்காரர் அன்றுதான் அதை முழுதாகக் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

மேலும் ஆறேழு மாதம் கழித்து சப் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். எழுதியவருக்கும் பாடியவருக்கும் தண்டனை. எழுதியவருக்குக் கூடுதல், பாடியவருக்குக் குறைவு. இருவரும் அப்பீல் போட்டு ஜாமீனில் வந்துவிட்டார்கள்.

"பாட்டு?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டாங்க மேடம். வேற வேற பேர்ல திரும்பப் போடுறாங்க. நாங்களும் எடுக்கச் சொல்லிட்டே இருக்கோம்."

அவர் குரலிலும் களைப்பு இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கணவருக்குப் போன் போட்டுச் சொன்னதும், "நியாயம்தான் நடந்திருக்கு" என்றார். ஆமாம் என்றேன். அந்தச் சொல்லை நானும் நம்புகிறேன். ஆனால் அன்று மத்தியானம் மேஜைமேல் நான்கு பிறப்புச் சான்றிதழ்கள் காத்திருந்தன, முதலாவதைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன்.