நிலையைப் பிடித்து நின்றவர்

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவின் இடது நிலையில், என் தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு கை அகலத்துக்கு மரம் கறுத்து வழவழப்பாக இருக்கும். மகன் கல்யாணத்துக்கு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்தையும் தேய்த்து அடித்தார்கள். ஒரே வருஷத்தில் கறுப்பு மறுபடி வந்துவிட்டது. அந்த இடத்தில் கை வைத்து நிற்பது என் மாமியாரின் வழக்கம். அவர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, இப்போது அங்கே கை வைத்து நிற்பது நான்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே தோட்டத்து நடுவில் தனி வீட்டில் குடியிருப்பவளுக்கு அந்த நம்பிக்கை இருந்தால் பிழைப்பு நடக்காது. ஆனாலும் குனிந்து நிமிரும்போது பின்னால் யாரோ பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும். மாமியார் எழுந்திருக்கும்போது அப்படித்தான் செய்வார். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். சத்தம் என் வாயிலிருந்துதான் வந்திருக்கும்.

எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. இங்கே ஒரு வரியில் எழுதிவிட்டேன். வீட்டில் வாயால் சொல்ல மூன்று வருஷம் ஆனது.

முதலில் ஒரு பாரம் மட்டும்தான் இருந்தது. புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றிவிட்டு நடக்கும்போது அடிவயிறு கீழே இழுக்கும். தும்மினால் சேலை நனையும். பிறகு ஒருநாள் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. சதை, ஈரமாக, இருக்கக் கூடாத இடத்தில். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். சுடுதண்ணீர் ஆறிப்போகும் வரை அப்படியே நின்றிருந்தேன். காலையில் எழுந்தால் உள்ளே போயிருக்கும். அடுப்பு வேலை, மாட்டு வேலை முடிந்து சாயங்காலம் ஆனால் மறுபடி வந்துவிடும். உட்கார்ந்தால் அதன் மேலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் நின்றேன். எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, கால்வலி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில், "இத்தன லேட்டாயிட்டு வந்தால் எங்ஙனெ அம்மா?" என்று கடிந்துகொண்டார். ஒரு வளையம் உள்ளே வைத்துவிட்டார். அது தாங்கிப் பிடிக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை வந்து கழுவி வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் என் நிலைமைக்கு ஆபரேஷன் செய்துகொள்வதே நல்லது என்றார். கீழ் வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த சதையை இழுத்துத் தைப்பார்களாம். வயிற்றில் வெட்டு இருக்காது. சிலருக்கு மறுபடி இறங்கவும் கூடும், அதையும் மறைக்காமல் சொன்னார். மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. கூட ஒரு ஆள் வேண்டும்.

கத்திக்கு நான் பயப்படவில்லை. மூன்று மாதம் தூக்காமல் இருந்தால் ஏன் என்று வீடு கேட்கும். அதைச் சொல்வதற்குத்தான் பயந்தேன். இன்னொன்றும் இருந்தது. எனக்குச் சுகமாவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

வளையம் ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தது. கழுவப் போக வேண்டிய நாட்களைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். உள்ளே உராய்ந்து புண்ணாகி, துணியில் ரத்தம் படத் தொடங்கியது. துவைத்த துணியைக் கொடியில் போட வெட்கம். மாடு கட்டுகிற கட்டுத்தறியை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. இப்போது அங்கே உர மூட்டைகள் கிடக்கின்றன. சுவரில் ஓர் ஆணி. துணியை அதில் மாட்டி மேலே ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். சாக்கை இழுத்துச் சரிசெய்யும்போதுதான் நினைவு வந்தது. இதே ஆணியில், இதே மாதிரி ஒரு சாக்குக்குக் கீழே, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு துணியை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியார் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. விசேஷப் பந்தியில்கூட உட்கார மாட்டார். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நான் அரிசி களைவதையும் வெங்காயம் உரிப்பதையும் பார்த்துக்கொண்டே நிற்பார். என்னை வேவு பார்க்கிறார் என்றே நினைத்தேன். எனக்கு அப்போது வாய் நீளம், அதைவிடக் கோபம் நீளம். இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அறுவடை வந்துவிட்டது. நெல் மூட்டையில் கை வைத்தேன்.

"தூக்காத கண்ணு, நா தூக்கிக்கறேன்" என்றார்.

எனக்கு வேலை செய்யத் தெரியாது என்று சொல்கிறார் போலும் என்று சுருக்கென்றது. "ஏனுங்க, நா என்ன ஒடஞ்சா போயிருவேன்?" என்று சொல்லி, அவர் பார்க்கும்படியாகத் தூக்கினேன். அவர் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு முதல்நாள்தான் ஆணியில் அந்தத் துணியைப் பார்த்தேன். துவைத்தும் போகாத ரத்தக் கறை. மாமியாருக்கு மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதனால்தான் வீட்டில் மாவிளக்கு எடுப்பது அவர் பொறுப்பாக இருந்தது. எங்கள் பக்கத்தில் தூரமான பெண் விளக்கைத் தொட்டால் சாமி குற்றம். நின்றது மறுபடி வந்துவிட்டது, அந்தத் தூரத்தை மறைத்துக்கொண்டு விளக்கெடுக்கப் பார்க்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, சந்தோஷம்தான். நேராகப் போய் நாத்தனாரிடம் சொன்னேன்.

மறுநாள் மாவு இடித்து, வெல்லம் பிசைந்து, தட்டில் விளக்கு வைத்துத் திரியும் போட்டாகிவிட்டது. சொந்தபந்தம் எல்லாம் நிற்கிறது. நாத்தனார் தன் தாயின் முன்னால் போய் நின்றார்.

"ஏனம்மா, தூரமா இருந்துட்டு மாவெளக்கு எடுக்கப் பாத்தியா? சாமி குத்தமாயிட்டா ஆரு பதில் சொல்றது?"

மாமியார் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆமா புள்ள. இன்னிக்குத்தான். எனக்கே தெரியில" என்றார்.

நேராக நடந்து கட்டுத்தறி அறைக்குள் போய்விட்டார். மூன்று நாள் அங்கேதான் இருந்தார். நான் சாப்பாட்டைக் கொண்டுபோய் வாசலில் வைத்துத் தள்ளிவிட்டு வருவேன். நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்து தின்றால் கௌரவம் குறைந்துவிடுமா என்று முணுமுணுத்தேன். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மறுபடி நிலையைப் பிடித்து நின்றார். அடுத்த மாதம் ஒரு கன்று செத்தது. தீட்டோடு விளக்கில் கை வைத்ததால்தான் என்று மாமனார் திட்டினார். அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து மாவிளக்கை நான் எடுத்தேன்.

அவர் இறந்த அன்று, களத்து ஓரத்தில் நாலு பேர் சேலையை மறைப்பாகப் பிடிக்க, நாத்தனாரும் நானும் இன்னும் இரண்டு பேரும் குளிப்பாட்டினோம். அப்போதுதான் பார்த்தோம். கர்ப்பப்பை வெளியே வந்து, காய்ந்து, ஓரமெல்லாம் ஆறாத புண்ணாகி இருந்தது. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ. நாத்தனார் கையில் சொம்பு அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஊத்து புள்ள, நேரமாச்சு" என்று பின்னால் ஒரு அக்கா சொன்னார். ஊற்றினோம். அன்று முதல் இன்று வரை நாத்தனாரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதே குறைந்துவிட்டது.

மூன்று நாள் மாட்டுச் சாணி வாடையில் நிற்பதைவிட அந்த உண்மையைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. அல்லது என்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எப்படி நினைத்தாலும் அது என்னிடம்தான் வந்து முடிகிறது.

போன மாசி மாதம், மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், நல்ல பெண், கைக்குழந்தைக்காரி. உள்ளே போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அத்தை நாளெல்லாம் நெலையப் புடிச்சுட்டு நா செய்யறதயே பாத்துட்டு நிக்கறாங்கம்மா. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

கையிலிருந்த துணி நழுவியது. வீட்டில் மாமியார் இருக்கிறார், நான்தான் அவர் என்று தோன்றியது.

அதே வாரம் கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலிலிருந்து அவள் ஒற்றையாக அதை நிமிர்த்தித் தூக்கப் போனாள். "தூக்காத கண்ணு" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து அவர் குரலில் வந்தது. மருமகள் முகம் சிவந்தது. "என்னால முடியுமுங்க அத்தை" என்று வெடுக்கென்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சில நாளில் நோம்பி சாட்டி, ஊரில் நாள் சொல்லிவிட்டார்கள். கோலமாவு எடுக்க உர அறைக்குப் போனவள் கையில் துணியோடு வந்தாள். சாக்கு விலகியிருக்க வேண்டும். அவள் நாத்தனார் மாதிரி கத்துகிறவள் இல்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அத்தை, இது உங்களுதுங்களா? தூரங்களா? நோம்பி வேற வருதுங்களே..."

'ஆமா' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான சொல்! மூன்று நாள் ஒதுங்கி நின்றால் முடிந்துபோகும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மாமியாருக்கு அது எப்படி அத்தனை வேகமாக வந்தது என்று அந்த நிமிஷம்தான் விளங்கியது. ஆனால் எதிரே நின்றவள் இடுப்பில் குழந்தை இருந்தது. காலையில்தான் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள்.

"இல்ல கண்ணு. எனக்குக் கர்ப்பப்பை எறங்கியிருக்குது. மூணு வருசமாச்சு" என்றேன்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "வலிக்குதுங்களா அத்தை?"

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். பிறகு நின்ற நிலையிலேயே மாமியார் கதையையும் சொன்னேன், துணி, விளக்கு, மூன்று நாள், குளிப்பாட்டியது எல்லாம். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை.

"நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

அந்த நோம்பிக்கு எங்கள் வீட்டில் யார் மாவிளக்கு எடுப்பது என்று பேச்சு வந்தபோது, எனக்கு உடம்பு சரியில்லை என்று மருமகளே சொல்லிவிட்டாள். என்ன உடம்பு என்று வீட்டுக்காரர் கேட்டார். அவரிடம் நானே சொன்னேன். மனுஷன் திகைத்துப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். திரும்பி வந்து, "எப்பப் போகோணும்?" என்று மட்டும் கேட்டார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது மருமகள் கூட வந்தாள். டாக்டரம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, எத்தனை பிரசவம்.

"குடும்பத்துல வேற ஆருக்காவது இது உண்டோ?"

"என்ர மாமியாளுக்குங்க" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திச் சிரித்தார். "மாமியாரை அல்ல அம்மா. உங்க அம்மைக்கு? கூடப் பெறந்தவங்களுக்கு?"

"அவங்களுக்கு இல்லீங்க. மாமியாளுக்குத்தான். அதே ஊடு, அதே கொடம், அதே புல்லுக்கட்டுங்க. எழுதிக்கோங்க."

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, எழுதிக்கொண்டார். "செரி. அவருக்கு எந்து வைத்தியம் செஞ்சது?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு நாள் கட்டுத்தறில தள்ளி வெச்சனுங்க" என்றேன்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வைத்தியம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.