ஓலை வாசித்த மூன்று ஞாயிறு

கலியாணப் படிவத்தில், இதற்கு முன் இருந்த இடம் எது என்று கேட்டிருந்தார்கள். சவளக்கடை என்று எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கேட்டதற்கு உண்மையை எழுதினால் போதும் என்று நினைத்தேன். அந்த ஊர்ச் சபையிலும் எங்கள் ஓலையை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பதுதான் ஓலை. கல்முனையில் முதல் ஞாயிறு வாசித்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் போதகர், "சவளக்கடையிலயும் இண்டைக்கு வாசிச்சிருப்பாங்க" என்றார். என் சிரிப்பு அதோடு போயிற்று.

அங்கே நெல் ஆலையில் மூட்டை சுமந்த காலத்தில் ஒரு பெண்ணோடு இரண்டு வருடம் குடும்பம் நடத்தினேன். தாலியில்லை, பதிவில்லை. அக்கரைப்பற்றுக்கு வேலை தேடிப் போகிறேன் என்று ஒரு நாள் பஸ் ஏறியவன் திரும்பவில்லை. ஓலை வாசிக்கும் சவளக்கடைச் சபைதான் அவள் போகும் சபை. நான் மணக்கவிருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது.

அந்தக் கிழமை முழுதும் மருதமுனையில் நான் நெய்யும் தறியில் இருந்தால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இடுப்பில் கட்டும் சாரத்தின் கரை இரண்டு முறை பிழைத்தது. முதலாளி, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை முகமா இது? மையத்து வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி இருக்காய்."

"ஓலைய நினைச்சாப் பயமா இருக்கு காக்கா."

"எங்கட பக்கமும் மாப்பிள்ளைட ஊர்ப் பள்ளிவாசல்ல, தடையில்ல எண்டு கடிதம் எடுக்கணும். ஒளிக்க ஒண்டுமில்லாதவன் ஏன் பயப்புடுற?"

நான் குனிந்து நூலை முடிந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் போதகர் வீட்டு விறாந்தையில் எங்களுக்குக் கலியாண வகுப்பு. மணக்கவிருப்பவர்கள், நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருந்துதான் கதைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்று வேதத்தைத் திறந்து, புருஷன் மனைவியைத் தன் சொந்த உடம்பாக நினைக்க வேண்டும் என்று விளக்கினார். "புண்ணை உடம்புக்குத் தெரியாம ஒளிக்க ஏலுமா?" என்று கேட்டார். அவர் தேத்தண்ணீருக்காக உள்ளே போனதும், பக்கத்தில் இருந்த என் மணப்பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்த அக்காட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப நாளைக்குச் சவளக்கடைக்குப் போவம். வாசிக்கக்குள்ள நானும் இருக்கணும். அவ எழும்பித் தடை சொன்னா, இந்தக் கலியாணம் இல்ல."

மறுநாள் இருவரும் பஸ்ஸால் இறங்கும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சவளக்கடைக்காரி மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தாள். ஓலையை வாசித்துவிட்டு, தடை இருந்தால் சொல்லட்டும் என்று அங்குள்ள உபதேசியார் நிறுத்தினார். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை தோள் அசைந்தது. பாட்டுப் புத்தகத்தை எடுக்கத்தான் குனிந்திருக்கிறாள்.

வெளியே அவள் என்னைத் தாண்டி நேராக இவளிடம் வந்தாள்.

"பார்த்துக் கலியாணம் முடி புள்ள. இவருக்கு பஸ் ஏறத்தான் தெரியும். திரும்பி வாற பஸ் தெரியாது."

"ஓம் அக்கா. அதையும் சொன்னவர்."

"சொன்னவரா?" அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "எனக்குச் சொல்லாமத்தானே போனவர்."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் இவள் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். மூன்றாம் ஞாயிறும் இரண்டு இடத்திலும் வாசித்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை என்று போதகர் வந்து சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.