கக்கூஸ் சுவர், தெற்குப் பக்கம்

என் சமையலறை ஜன்னலோரம் ஒரு போத்தல் நிற்கிறது. முன்னொரு காலத்தில் நல்லெண்ணெய் இருந்த போத்தல். இப்போது உள்ளே இருப்பதை வைன் என்று நம்புவதற்குக் கொஞ்சம் அன்பு வேண்டும். பழுப்பா சிவப்பா என்று முடிவெடுக்காத நிறம், அடியில் விரலளவு மண்டி. கொப்பித்தாளைக் கிழித்து ஒட்டி, அத்தான் தன் நிமிர்ந்த கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "கக்கூஸ் சுவர், தெற்குப் பக்கம்." பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பத்து வருடம் வைன் கடையில் நின்றவள் சொல்கிறேன், இதைவிட உண்மையான லேபிளை நான் எந்தத் தட்டிலும் அடுக்கியதில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். எண்பதுகளின் கடைசியில், இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், செவன் கிங்ஸ் என்ற புறநகரில் அவர்கள் வீட்டு மேலறையில்தான் நான் குடியிருந்தேன். ஊரில் அவருக்கு முந்திரிகைத் தோட்டம் இருந்தது. எங்கள் பக்கத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். இங்கே பேக்கரி வேலை. கூட வேலை செய்த இத்தாலியர் ஒருவர் கொடுத்த காய்ந்த முந்திரிகைத் தடியொன்றைப் பின்வளவின் நட்டநடுவில் ஊன்றி, தலைக்கு மேலே பந்தல் போட்டார். குதிரை லாயத்தில் எரு வாங்கி, பையில் கட்டி, பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அன்று மேல்தட்டு முழுவதும் அவருக்கே கிடைத்தது. மழை விட்ட மறுநிமிடம் வாளியோடு தண்ணீர் ஊற்றப் போவார். கொடி தழைத்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். காய் மட்டும் மூன்று வருடமாகப் பச்சைப் பட்டாணி.

ஊரில் அந்த முறையில் பிழையே இல்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த செம்மண் ஊற்றிய தண்ணீரை உடனே குடித்துவிடும், மறுபடி கேட்கும். வெயிலோ கேட்காமலே கொட்டும், ஆகவே பந்தல் ஒரு குடை. செவன் கிங்ஸின் களிமண் குடித்த தண்ணீரை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தது. வெயில் இங்கே விருந்தாளி. வந்து, தேத்தண்ணி குடித்து, கோட்டைக் கழற்றாமலே போய்விடும். அதற்குப் போய்க் குடை பிடித்தால்? நான் நின்ற வைன் கடையில் ஆளில்லாத நேரங்களில் போத்தல்களின் முதுகைப் படித்துப் படித்து, குளிர்நாட்டு மலைச்சரிவுகளைப் பற்றி ஏதோ கொஞ்சம் எனக்குத் தெரிந்திருந்தது.

"அங்க கொடியைத் தாழத்தான் விடுவினமாம் அத்தான். கல்லுச் சூட்டுக்குக் கிட்ட. எருவும் போடாயினமாம், பட்டினிதானாம்."

"முந்திரிகை என்ன பூசணியே மச்சாள், நிலத்தில கிடந்து காய்க்க? பட்டினி போட்டுப் பழம் கேக்கிறவன் மனுசனே?"

அக்காவின் கவலை வேறு. அந்த வளவில் துணி காயப்போடுகிற இடத்தில் வெயில் விழுவதே ஒரு பாய் அகலத்துக்கு. அதைப் பந்தல் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் யூனிபோம் காயவில்லை. ஒரு செப்டெம்பரில், கொடிக்கயிற்றில் மூன்று நாள் தொங்கிய காற்சட்டையைப் பிழிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, வாற மாசம் செபமாலை மாதா திருநாளுக்கு முன்னம் ஒரு பழம், ஒண்டே ஒண்டு, நான் முகம் சுளிக்காமல் தின்ன வேணும். இல்லாட்டி அடியோட அரிஞ்சு போடுவன்."

 மறுநாள் அத்தான் எருவை இரட்டித்தார். ஷிப்டைச் சாட்டி ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடுகிற மனிதர், அந்த மாதம் நான்கு பூசையும் கண்டார்.

திருநாளுக்கு முதல் நாள் மத்தியானம். பந்தல் குலைகளின் மேல் பேக்கரி மாவைத் தூவியதுபோல் பூஞ்சணம். அக்கா ஒன்றைக் கடித்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டின. துப்பிவிட்டு மரம் அரிகிற வாளை எடுத்துக்கொண்டு, வளவின் கோடியில் யாரும் பாவிக்காமல் நின்ற பழைய வெளிக் கக்கூசுக்குப் பின்னால் ஏணி எடுக்கப் போனாள். அத்தான் குசினிப் படியில் குந்தியிருந்து ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்தபடி இருந்தார்.

போனவள் வரவில்லை. தேடிப் போனோம். அக்கா சுவரோடு ஒட்டி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தாள். விதைகளை உள்ளங்கையில் துப்பினாள். கையை நீட்டி இன்னொன்றைப் பிடுங்கினாள். முகம் சுளிக்கவில்லை.

"ஏன் இதை ஒளிச்சு வைச்சனீங்கள்?"

"நான் வைக்கேல்லையப்பா. அது தானாப் போயிருக்கு."

பந்தலிலிருந்து நழுவிய ஒரு கிளை கூரை தாண்டிப் பின்பக்கம் இறங்கி, உடைந்த செங்கல்லும் உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்தும் குவிந்த இடத்தில் தானே வேர் பிடித்திருந்தது. எருவில்லை, வாளியில்லை. பெய்த மழை நிற்க இடமில்லாமல் ஓடிவிடும். நாள் முழுவதும் தெற்கு வெயிலை வாங்கிய சுவர், சூரியன் போன பிறகு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அக்காவின் நெஞ்சளவு உயரத்தில், செங்கல்லில் கன்னம் வைத்தபடி கறுத்த குலைகள் இரண்டு. அத்தான் சுவரில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"மச்சாள், சுடுது."

அன்று பின்னேரமே பந்தலைத் தன் கையாலேயே பிரித்தார். நடுவளவுக் கொடியை அரிந்ததும் அவர்தான். அந்தப் பாய் அகல வெயிலில் யூனிபோம்கள் கைவிரித்துத் தொங்கின. பிறகு வந்த வருடங்களில் சுவரோடு தாழக் கட்டி, கையளவு எருகூடப் போடாமல், பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்தார். நல்ல வெயில் வருடத்தில் ஏழெட்டுப் போத்தல். மோசமான வருடத்தில் அக்காவின் ஊறுகாய்க்கு வினாகிரி.

அந்த வீட்டை விற்றாயிற்று. சுவர் இருந்த இடத்தில் புதியவர்கள் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் ஏதோவொரு கோடை, அதன் முகவரியோடு, என் ஜன்னலில் மிஞ்சி நிற்கிறது. நேற்று அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"இன்னும் திறக்கேல்லையோ? திறவடி. புளிச்சிருந்தா அந்தாளிட்டைச் சொல்லிப்போடாதை, இனிப்பெண்டு சொல்லு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே திறந்தேன். முதல் மிடறு புளி. இரண்டாவதும் புளிதான், ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு சூடு ஆறுதலாக எழுந்து வந்தது. அத்தானிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"என்ன மச்சாள், எப்பிடி?"

"சுடுது அத்தான்" என்றேன்.