ஸ்டெல்லாவின் மணிக்கட்டு

சக்குபள்ளத்தில் ஏலக்காய் எடுக்கப் போகும் பாதையில் ஒரு குடிகாரன் வழிமறித்து, என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தான். அதன் பிறகுதான் அவளும் நானும் போனில், தற்காப்புக்காக எதிராளியின் மணிக்கட்டை மடக்கிப் பூட்டும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தோம். அந்த இங்கிலீஷ் புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டோம். பிடிபட்டவன் ஒவ்வொரு முறையும் பிடித்தவனின் தோளைத் தட்டினான். எங்கள் கங்காணி தோளைத் தட்டினால் வேலை நன்றாக இருக்கிறது என்று பொருள். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஸ்டெல்லாவின் வலது மணிக்கட்டை மடக்கினேன். அவள் என் தோளைத் தட்டினாள். உற்சாகத்தில் இன்னும் அழுத்தினேன். வேகமாகத் தட்டினாள், நானும் வேகமாக அழுத்தினேன். பிறகு அலறினாள்.

“தட்டுனா விடணும்ட்டி! வீடியோல விடுறானே, பாக்கலியா?”

“நல்லா செய்றேன்னு தட்டுறியோன்னு நெனச்சேன்.”

“கையை ஒடிக்கிறவள எவ பாராட்டுவா?”

மணிக்கட்டு வீங்கிவிட்டது. காய் எடுப்புக் காலத்தில் அந்தக் கை போனால் அவளுக்கு வேலையே இல்லை. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வலிக்கிறது என்று அவள் தட்டியதையெல்லாம் என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எண்ணியிருக்கிறேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள் விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

“கட்டு அவுக்குற வரைக்கும் எனக்கும் சேத்து நீதான் சோறு பொங்கணும், சனியனே.”

அவள் திட்டத் திட்ட, எனக்கு மூச்சு சீராக வந்தது.