வேதபுத்தகத்தின் பின்னட்டை

டாக்டரிடம் போக அப்பா சம்மதிக்கவில்லை. மூன்று மாதமாக நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பால் வாங்கப் போனவர் வெறுங்கையோடு வருகிறார். மறுபடி போய் மூன்று கவர் வாங்கி வருகிறார். போன வாரம் பாறசாலையில் இறங்க வேண்டியவர், எல்லை தாண்டிக் களியக்காவிளையில் போய் இறங்கி, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் ஒரு பழக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்தான் போன் பண்ணினார். கேட்டால், "எனக்கு ஒரு கேடும் இல்ல. எனக்க அப்பனுக்கு வந்ததக் கொண்டு எனக்க தலையில வைக்காதே" என்கிறார். அப்படிச் சொல்லும்போது அந்தக் குரல்கூட அவருடைய அப்பனின் குரல்தான்.

அப்பாவின் அப்பாவை நாங்கள் பாட்டா என்று கூப்பிடுவோம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் மூப்பராகவும் இருந்தார். நெய்யாற்றின்கரை தொடங்கி எல்லை வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று ராத்திரி சாப்பாட்டில் ஒப்பிப்பார். அப்படிப்பட்டவர், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரே நாளில் இரண்டு தடவை சந்தைக்குப் போய் இரண்டு தடவையும் சாளை மீன் வாங்கி வந்தார்.

"மாமா, காலையில வாங்கினது சட்டியில கெடக்கு" என்றாள் அம்மா.

"காலையில வாங்கினது நீயாக்கும். ஒனக்கு ஓர்மை இல்ல" என்றார் பாட்டா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அவள் அதற்கு முன்பே சிலதைப் பார்த்திருந்தாள். செருப்பு ஜோடி மாறிக் கிடப்பதை, குளிக்கப் போனவர் நனையாத தலையோடு திரும்புவதை, சாப்பிட்டுக் கை கழுவியவர் மறுபடி வந்து இலைக்கு முன்னால் உட்காருவதை. அப்பாவிடம் சொன்னாள்.

"வயசாச்சில்லியா" என்றார் அப்பா.

"வயசு இல்ல. இது என்னமோ தீனமாக்கும். ஒரு டாக்டரக் காட்டணும்."

"எனக்க அப்பனுக்குப் பைத்தியமுண்ணு சொல்லுதியா நீ?"

அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்றபோது, பாட்டா நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: "சோறு கண்டு ரெண்டு நாளாச்சு. மருமவ தரல்ல." அன்று காலையில்தான் அவர் புட்டும் பயறும் தின்று, மேலே இரண்டு பழமும் தின்றிருந்தார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனியாக வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுப்போம். பிடியரிசி என்று பெயர். அம்மா ஒரு வாரம்கூட அதைத் தவறவிட்டதில்லை. இப்போது அவள் பிடியரிசிப் பையோடு போனால் பெண்கள் அந்தப் பையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்: "இத மாமனாருக்குப் பொங்கிக் கொடுத்தா ஆண்டவர் வேண்டாம்ண்ணா சொல்லுவாரு?" அம்மா பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்து, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இனி பின்னட்டைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். பாட்டாதான் நடத்துவார். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு எல்லாரும் முழங்காலில் நிற்க, அவர் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் பேர் சொல்லி ஜெபிப்பார். மொத்தம் பத்தொன்பது பேர். நான் எண்ணியிருக்கிறேன், ஏனென்றால் என் பேர் வந்தால் முடியப்போகிறது என்று அர்த்தம். ஒரு நாள் ஜெபம் நடுவில் நின்றது. நீண்ட நேரம் சத்தமே இல்லை. நான் லேசாகக் கண்ணைத் திறந்தேன். பாட்டாவும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபத்தில் கண் திறப்பது எங்கள் வீட்டில் அடி வாங்குகிற குற்றம். இருவரும் சட்டென்று மூடிக்கொண்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கண்ணு தொறந்தத நான் ஒனக்க அப்பன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன் பாட்டா."

"செரி. ஒரு காரியம் செய்யணும். வீட்டுல உள்ளவங்களுக்க பேரெல்லாம் இதுல வரிசையா எழுது. எனக்கு வரிசை மாறிப் போவுது."

வேதபுத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து நீட்டினார். நான் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். மூத்த பெரியப்பாவின் பேரை எழுதப்போனபோது தடுத்தார்.

"மொதல்ல ஒனக்க பேர எழுது."

"நான் பக்கத்துலதானே இருக்கேன், பாட்டா."

"இருந்தாலும் எழுது மக்கா. மொதல்ல எழுது."

பத்தொன்பது பேரில் கடைசியாக இருந்த நான் முதலாவதாக ஏறினேன். பெரியதாக எழுதி அடியில் ஒரு கோடும் போட்டேன். மற்றவர்களையும் எழுதி, பேருக்குப் பக்கத்தில் அவரவர் குறையையும் குறித்தேன். எல்லாருக்கும் கீழே, கடைசி வரியில், பாட்டா தன் அக்காளையும் சேர்க்கச் சொன்னார். பூவாரில் கட்டிக்கொடுத்தவர், முட்டுவலி. எழுதி முடித்ததும் பாட்டா, "இது நமக்க ரெண்டு பேருக்கு உள்ளதாக்கும். தெரிஞ்சா ஒனக்க அப்பன் ஜெபத்த எனக்க கையில இருந்து வாங்கிப்போடுவான்" என்றார். அன்று முதல் ஜெபம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லாரும் கண் மூடியிருக்க, பாட்டா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துப் படித்தார். நான் கண்ணைத் திறந்து அதை ரசித்தேன்.

பிடியரிசிப் பேச்சு முற்றிய பிறகு அப்பா இறங்கி வந்தார். பாறசாலையில் வீட்டிலேயே வைத்து நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். மலையாளி, இளம் வயது. ஆனால் பாட்டாவைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி? "தீனம் உள்ளவன் போவட்டும்" என்று சொல்லி அசையாமல் இருந்தார். கடைசியில் அப்பா ஒரு பொய் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய்.

"அந்த டாக்டருக்குச் சொகமில்லையாம். நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணணுமாம்."

பாட்டா உடனே எழுந்தார். வெள்ளைச் சட்டை, இரட்டைக்கரை வேட்டி, கக்கத்தில் வேதபுத்தகம். என் கையையும் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் நல்ல மனிதர். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். "டாக்டருக்கே தெரியல்லியா? பாவம்" என்று பாட்டா என்னிடம் சொன்னார். பிறகு டாக்டர், பிள்ளைகள் எத்தனை பேர், பேரப்பிள்ளைகள் யார் யார், பேரெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்டார். அப்பா நாற்காலி விளிம்புக்கு வந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருந்தோம்.

பாட்டா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க பேர நான் தினமும் தெய்வத்துக்க முன்னால சொல்லுததாக்கும். நீங்களும் கேளுங்க. ஜெபிப்போம்."

அப்பா கண்ணை மூடினார். வேறு என்ன செய்வார்? ஜெபிப்போம் என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும் குடும்பம். டாக்டர் வேறு மதத்துக்காரர். ஆனாலும் மரியாதைக்குக் கை கூப்பிக் கண்ணை மூடினார். பாட்டா பின்னட்டையைத் திறந்தார். என் பேரில் தொடங்கி, பெரியப்பாவின் முதுகுவலி, சித்தப்பா மகனின் பரீட்சை, பூவார் அக்காளின் முட்டுவலி வரைக்கும் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார். கடைசியில் டாக்டரின் வியாதியும் மாற வேண்டுமென்று கேட்டு ஆமென் சொன்னார்.

"இத்றயும் பேரை ஓர்மயுள்ள ஆளுக்கு எந்து அசுகம்?" என்றார் டாக்டர். இவ்வளவு பேரை ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு என்ன நோய் இருக்கப்போகிறது? சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த அறையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. வரும் வழியில் பாட்டா அப்பாவிடம், "சின்ன வயசு டாக்டர். பேடிக்க வேண்டாம், சொகமாயிரும்" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே, "ஒரு கேடும் இல்லண்ணு சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா அங்கேயே நின்றாள். பாட்டா தீனக்காரர் இல்லையென்றால், சோறு போடாத மருமகள் என்பது உண்மையாகிவிடும். இந்தக் கணக்கு ஒன்பது வயதில் எனக்குப் பிடிபடவில்லை. கோயில் வாசலில் இனிமேல் டாக்டரின் வாக்கும் அம்மாவுக்கு எதிரே வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவள் அந்தப் பழியோடு நடந்தாள். பிடியரிசியை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பூவாரில் பாட்டாவின் அக்காள் இறந்துபோனார். மத்தியானம் அடக்கம். பாட்டா குழிக்குள் மூன்று பிடி மண் போட்டார், அழுதார். சாயங்காலம் உறவுக்காரர்கள் சிலர் எங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். காலையிலேயே நான் பென்சிலை எடுத்து அவருடைய பேரை அடித்துக் கிறுக்கிவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வேதபுத்தகத்தில் ஒருவர் பேரைக் கிறுக்குவது எவ்வளவு பெரிய பாவமாக இருக்கும்? ஞாயிறு பள்ளியில், ஜீவபுத்தகத்திலிருந்து பேர் கிறுக்கப்பட்டு நரகத்துக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. பயந்து அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜெபத்தில் பாட்டா கடைசி வரிக்கு வந்தார். "பூவாரில இருக்கப்பட்ட எனக்க அக்காளுக்கு முட்டுவலி மாறணும் ஆண்டவரே. அவ நடந்து இஞ்ச வரணும். வந்து பத்து நாளு எங்ககூட நிக்கணும்."

மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதுவும் இதோ, கையிலிருந்த மண்கூட இன்னும் போகவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். அன்று எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது.

"அப்பா" என்றார் என் அப்பா, மெதுவாக. "அத்தைய இண்ணைக்கு நாம அடக்கம் பண்ணல்லியா?"

பாட்டா அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து பின்னட்டையைப் பார்த்தார். "இதுல பேரு கெடக்கே" என்று அதை அப்பாவிடம் நீட்டினார். என்னையும் ஒரு தடவை பார்த்தார், சாட்சிக்குக் கூப்பிடுகிறதுபோல. பிறகுதான் அவர் முகம் மாறியது. "எனக்க அக்கா செத்துப்போனாளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மத்தியானம் அழுததையெல்லாம் முதலிலிருந்து அழுதார்.

அம்மாதான் எழுந்து அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அப்பா அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பம் எழுதினது?"

"டாக்டருகிட்ட போறதுக்கு முந்தி" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றார். அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கஞ்சிப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்து, "ஆறுததுக்கு முன்ன கொண்டு கொடுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காரக்கோணம், திருவனந்தபுரம் என்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பாட்டாவைக் கொண்டுபோனார்கள். நோய்க்கு ஒரு பேர் கிடைத்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று அந்தப் பேரை எல்லாரிடமும் சொன்னார். அம்மா பிடியரிசிப் பையோடு அவருக்குப் பின்னால் நின்றாள். அதன் பிறகு குடும்ப ஜெபத்தை அப்பாதான் நடத்தினார். பாட்டா பயந்தது நடந்துவிட்டது. ஜெபத்தில் அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

இப்போது என் அப்பாவின் முறை வந்திருக்கிறது. பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு, நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அப்பா, நாளைக்குக் காரக்கோணத்துக்குப் போறேன். எனக்குப் பேடியா இருக்கு. எனக்ககூட வருவீங்களா?" அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை; எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "செரி மக்கா, வாறேன்" என்றார்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாரும் மக்காதான். தெருவில் போகிற பிள்ளையையும் அப்படிக் கூப்பிடலாம். ஆனால் என் அப்பா மட்டும் நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். எப்போது அது நின்றுபோனது என்று ராத்திரி முழுவதும் யோசித்தேன், தெரியவில்லை. அப்போதுதான் பின்னட்டையில் முதல் வரி ஞாபகம் வந்தது. பத்தொன்பது பேருக்கும் மேலே பாட்டா என் பேரை ஏற்றினார் என்று எத்தனை வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று பென்சிலைக் கையில் கொடுத்தபோதும் சரி, அதற்கு முந்தின பல நாட்களிலும் சரி, பாட்டா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை என்பதை, கோடு போட்டுப் பெரியதாக எழுதிய அந்தப் பிள்ளை எண்ணிப் பார்க்கவில்லை.