மூன்றாம் பாகத்து முதலாளிக்கு ஒரு பூசை

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு ரவுடிப் படம் ஓடும். மலையாளத்தில் எப்போதோ வந்த, மூன்று பாகங்களாக நீளும் ஒரு கடத்தல்காரனின் கதை. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே யாராவது வந்து இரண்டாம் பாகம்தான் உசத்தி என்று என்னிடம் வாதாடுவார்கள். அதற்கு என் அண்ணன் ஒருவனே போதும். அவனோடு மல்லுக்கட்டியே என் தொண்டை பாதி போய்விட்டது.

கல்லறைத் திருநாள் கழிந்து வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கிழமைக்கு ஒரு பாகம். இதுதான் எங்கள் முறை. நவம்பர் மழையில் வேறு என்ன செய்ய முடியும், துணிகூடக் காயாது. பார்ப்பவர்கள் நான்கு பேர். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்க்கும் என் அண்ணன். அவன் மனைவி, அதாவது என் மைனி. ஞாயிறு காலையில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள். பக்கத்து வீட்டு மீன்கார அக்கா. அப்புறம் நான். கல்ஃபில் நர்ஸாக இருந்து, கொஞ்சம் நகையோடும் நிறைய ரத்தக்கொதிப்போடும் திரும்பி வந்தவள். படம் தொடங்கும் முன்பே என் மாத்திரையை மைனி டீவிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுவாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்து, பால் விடாத கட்டன் சாயாவைப் பிளாஸ்கில் ஊற்றிவிட்டுத்தான் உட்காருவோம். படத்தில் எல்லாரும் அந்தக் கடத்தல்காரனை முதலாளி என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே. அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதலாளி வாயைத் திறக்கும் முன்பே இவன் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவான். கண்ணைச் சுருக்கி, கழுத்தைச் சாய்த்து, உடுத்திருப்பது பழைய கைலியாக இருந்தாலும் பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டுகிற மாதிரி தூக்கிக் கட்டுவான். மீன்கார அக்காவுக்கு நடிப்பெல்லாம் கணக்கில்லை. அவளுக்கு வியாபாரம்தான் முக்கியம்.

"இவனுக்கு யாவாரம் தெரியாது மக்கா. சரக்கு எறங்குன ஒடனே தள்ளிவிட்டிருக்கணும். குடோன்ல வச்சிப் பூட்டுனா எவனாக்கும் சும்மா இருப்பான்?" என்பாள், ஒவ்வொரு வருடமும், அதே இடத்தில். சரக்கு தங்கம் என்பதை அவளுக்கு யாரும் விளக்கப் போனதில்லை. அவளைப் பொறுத்தவரை எதுவாக இருந்தாலும் சாயங்காலத்துக்குள் விற்றுவிட வேண்டும்.

எனக்கு முதல் பாகம் பிடிக்கும். அண்ணனுக்கு இரண்டாவது. மூன்றாம் பாகத்தை ஊரில் ஒருத்தருக்கும் பிடிக்காது. அதில் முதலாளிக்கு வயதாகிவிடும், சண்டை கிடையாது, பாட்டும் சவசவ என்று இருக்கும். மைனிக்கு மட்டும் அதுதான் உயிர். அதன் கடைசிக் காட்சியில் முதலாளி மழையில் நனைந்துகொண்டு ஒரு கோயிலுக்கு வருவார். கேட் பூட்டியிருக்கும். வெளியே நின்றபடியே சிலுவை போடத் தொடங்குவார். நெற்றி, நெஞ்சு, இடது தோள். அவ்வளவுதான், கை விழுந்துவிடும், ஆளும் விழுந்துவிடுவார். படம் முடிந்தது.

அந்த அரைச் சிலுவை செல்லுமா செல்லாதா என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய வழக்கு. செல்லாது என்பான் அண்ணன். "வலது தோளு வரணும்டி. ஆமென் சொல்லணும். பாதியில விட்டா அது சொறியது மாதிரியாக்கும்." மைனி செல்லும் என்று தலையை மட்டும் ஆட்டுவாள். அது ஏன் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும், ஆனால் அவனுக்கு வாய் முந்திவிடும்.

மைனியின் அப்பாவும் ஒரு ரவுடி. படத்து ரவுடி அல்ல, எங்கள் கடற்கரையின் ரவுடி. கரையில் அவர் சொன்னதுதான் விலை. அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. சோறு தின்னாத பிள்ளைகளை அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். ஒரு சண்டையில் மீன்கார அக்காவின் அண்ணனுடைய வலது கையில் வெட்டினார். வெட்டுப்பட்டவர் அந்தக் கையால் அதற்குப் பிறகு வலை இழுக்கவில்லை. மைனியின் அப்பா ஊரைவிட்டே போய், ரொம்ப நாள் கழித்து, வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் செத்துக் கிடந்தார். ஊருக்கு வரும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். அடக்கத்துக்கு ஆள் வரவில்லை. அதன் பிறகு அவர் பெயரை யாரும் கோயிலில் வாசித்ததில்லை.

மீன்கார அக்கா எங்கள் வீட்டில் கை நனைக்காத நாளில்லை. மைனியும் அவளும் ஒரே தட்டில் மரச்சீனி தின்பார்கள். ஆனால் அந்த வெட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மைனிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். நவம்பர் மாதம் இறந்தவர்களுக்காக வைக்கிற பூசையில் அவள் அப்பாவின் பெயர் ஒருதடவை வாசிக்கப்பட வேண்டும். ஒரே ஒரு பயம்தான். அதை அக்கா கேட்டுவிடுவாளே, கேட்டுவிட்டால் வீட்டுக்கு வர மாட்டாளே என்பது.

இந்த வருடம் அவளை நான் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளி என்றால் உண்மையிலேயே முதுகில் கை வைத்து. கோயில் வராந்தாவில் உபதேசியார் மேஜை போட்டு, பூசை கேட்பவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். வேறு பங்கிலிருந்து புதிதாக மாறி வந்தவர், சினிமா பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். எங்கள் முறை வந்தது.

"ஆருக்காக்கும்?" என்று கேட்டார்.

மைனி வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் யாரோ செருமவே திரும்பிப் பார்த்தாள். மீன்கார அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பூசை கேட்க வந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். மைனியின் முகம் வெளுத்துப் போயிற்று. அவள் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது. முதலாளியின் பெயர். படத்தில் இருக்கிற முழுப் பெயர், வீட்டுப் பெயரோடு. உபதேசியார் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

நான் வாயடைத்து நின்றேன். என் வாயை அடைக்க முடியும் என்று யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அடைத்துவிட்டது. மைனி என் கையைப் பிடித்துத் தெருவரை இழுத்து வந்துவிட்டாள்.

"போய் மாத்திச் சொல்லுவோம் மைனி," என்றேன்.

"மாத்தி ஆரு பேரச் சொல்ல?" என்று கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள்.

மறுநாள் காலைப் பூசையில் சாமியார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். அருமனைப் பக்கத்துக்காரர், வயது குறைந்தவர், செமினரியிலிருந்து நேராக எங்கள் தலையில் வந்து விழுந்தவர். "அன்னாரது ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று முதலாளியின் பெயரை வீட்டுப் பெயரோடு கணீரென்று வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் புரையேறி இருமினார். பாடகர் குழுவில் பாதிப்பேர் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பின் பெஞ்சில் எவனோ முதலாளியின் வசனம் ஒன்றை முணுமுணுக்க, என் அண்ணன், என்ன ஏது என்று தெரியாமலே, பழக்கதோஷத்தில் மீதி வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டான். கோயில் சிரித்தது. பெரிய பாவம்தான், ஆனால் நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. மைனி மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் முக்காட்டுக்குள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்ததும் சாமியார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"பூசைய என்னண்ணு நெனச்சீங்க? சினிமாக்காரனுக்கு வைக்கதுக்கு இது ரசிகர் மன்றமா? நீங்க பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கவங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, நீங்க அந்தப் படத்தப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"பாக்காம எப்பிடி ஏசுகீங்க? ஞாயிற்றுக்கிழம மத்தியானம் வீட்டுக்கு வாருங்க. மூணாம் பாகம். பாத்துட்டு ஏசுங்க, நாங்க முட்டங்கால்ல நிண்ணு கேக்கோம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கோபத்தில் எனக்கு விருந்தோம்பல் வந்துவிடும். சாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வருகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு நல்ல மழை. சாமியார் குடையை மடக்கிக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அண்ணன் முதல் அரை மணி நேரம் வசனம் சொல்லாமல் தவித்த தவிப்பு இருக்கிறதே, உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டிருந்தான். மீன்கார அக்கா ஒரு கிண்ணத்தில் மரச்சீனியைப் போட்டு அவர் கையில் திணித்தாள். சாமியார் அதைத் தின்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். இடைவேளைக்குள் நாற்காலியின் நுனியிலிருந்து நகர்ந்து சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் மகன் தகப்பனைக் காட்டிக்கொடுக்கிற இடத்தில், "நாசமாப் போவான்," என்று சாமியார் வாயிலிருந்தே வந்தது. அதோடு அண்ணனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. எழுந்து கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழுத்தொண்டையில் வசனத்தைத் தொடங்கினான். அத்தனை சந்தோஷமாக நாங்கள் ஒரு நாளும் படம் பார்த்ததில்லை.

கடைசிக் காட்சி வந்தது. மழை, பூட்டிய கேட், நெற்றி, நெஞ்சு, இடது தோள். கை விழுந்தது.

"சாமி, இப்ப நீங்க சொல்லணும். அது செல்லுமா?" என்று அண்ணன் கேட்டான்.

"திரும்பப் போடுங்க," என்றார் சாமியார். போட்டோம். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். தன் கையையே தூக்கி இடது தோளில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். கையில் குழம்பு ஒட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இவரு பரலோகத்துக்கே பரீட்சை வைக்காரு," என்று அண்ணனைப் பார்த்து மைனி முணுமுணுக்க, அக்கா சிரித்தாள்.

சாமியார் சொன்னார்: "பூசை வைக்கதுக்குப் பாஸ் மார்க் வேணும்ணு ஒரு சட்டமும் இல்ல. நல்லவனுக்குத்தான் வைக்கணும்ணா எனக்கு மாசத்துல ரெண்டு பூசைகூடக் கெடைக்காது. ஆனா பாருங்க, ஆளு உண்மையா இருக்கணும். இவன் நடிகன். சாயங்காலம் வீட்டுல போய் சாயா குடிச்சிருப்பான்."

"ஆளு உண்மைதான் சாமி," என்றாள் மைனி. "நான் கேக்க வந்தது வேற ஆளுக்கு. வாயில வரல்ல. அவரும் அடிபிடிக்காரரு. ஆருமில்லாமத்தான் செத்தாரு."

அண்ணன் டீவியின் சத்தத்தை நிறுத்தினான். சாமியார், "பேரச் சொல்லுங்க, புதன்கிழம காலத்த வைக்கேன்," என்றார். மைனி வாயைத் திறந்தாள். அக்காவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். நானே சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பெயரில்லை.

மீன்கார அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "அவ சொல்ல மாட்டா. நான் சொல்லுகேன் சாமி," என்றாள்.

சொன்னாள். பட்டப்பெயரை அல்ல, ஞானஸ்நானப் பெயரை, அவர் தகப்பன் பெயரோடு சேர்த்து. அத்தனை வருடத்தில் நான் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. ஒரு சாது மனிதனின் பெயர் மாதிரி இருந்தது.

"கேக்கது ஆருண்ணும் வாசிப்பீங்கல்லா? எங்க அண்ணன் பேரப் போடுங்க."

மைனி அவளையே வெறித்துப் பார்த்தாள். அக்கா அவளிடம் திரும்பினாள். "என்னட்டி பாக்க? அவன் போன வருசமே சொல்லிட்டான், அந்த மனுசனுக்கு ஒரு பூச வைக்கணும்ணு. நான்தான் சொல்லாம மனசுலயே கொண்டு நடந்தேன். நீ என்ன நெனப்பியோ, பழசக் கிளறுகாண்ணு கோவிச்சுக்கிடுவியோண்ணு பயம். அண்ணைக்கு வரிசையில நிண்ணதும் அதுக்குத்தான். நீ போய் படத்துக்காரன் பேரச் சொன்னியா, எனக்குச் சிரிப்பு வந்து, கேக்காம திரும்பிப் போயிட்டேன்."

மைனி அழவும் சிரிக்கவும் ஒன்றாகத் தொடங்கினாள். அக்கா அவளை இழுத்து, மீன் வாடையடிக்கும் முந்தானையாலேயே முகத்தைத் துடைத்தாள். எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அண்ணன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் சாயா ஊற்றினான், சாமியாருக்கு இரண்டு தடவை.

புதன்கிழமை காலையில் சாமியார் அந்தப் பெயரை வாசித்தார். கேட்டுக்கொண்டவர் என்று அக்காவின் அண்ணன் பெயரையும் வாசித்தார். கோயிலில் பழைய ஆட்கள் தலையைத் திருப்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைனி முக்காட்டை விலக்கி, நிமிர்ந்து நின்று, ஆமென் சொன்னாள். அது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.