கேட்டில் வைத்த கண்

வீடு பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் வாப்பா இருந்தார், மாமா இருந்தார், கம்பஸில் படிக்கும் தம்பி இருந்தார். எங்கள் பக்கம் வாப்பா, உம்மா, நான். குசினிக் கதவுக்குப் பின்னால் கல்யாணப் பெண், என் மூத்தவள், ராத்தா. மாப்பிள்ளை வரவில்லை. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டைப் பெரியவர்கள் பார்த்துச் சரி சொன்னால்தான் அவர் வருவார். ராத்தாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆகவே அன்று முழுப் பாரமும் சுவர்களின் மேல்.

சுவர்கள் தேறின. கிணற்றுத் தண்ணீரும் எங்கள் பக்கத்துக் கிணறு கரிக்க வேண்டிய அளவுக்குத்தான் கரித்தது. அதற்குப் பிறகுதான் நான் கேட்டைக் காட்டினேன்.

உப்பளத்தில் கால் வெடித்துச் சம்பாதித்த வாப்பா, "நீ படிச்சவன், கேட்டுக்கு டிசைன் நீயே பாரு" என்று அதை என்னிடம் விட்டிருந்தார். குடும்பத்தில் முதன்முதல் ஏ.எல். பரீட்சை பாஸானவன், ஊரார் மாதிரி மயிலும் ரோசாப்பூவுமா வைப்பேன்? போனில் தேடி, கம்பீரமான ஒன்றை எடுத்தேன்: முக்கோணம், நடுவில் ஒரு கண், கீழே இரண்டு குறுவாள். வெல்டர் பாதியை ஒரு கதவிலும் மீதியை மற்றதிலும் வைத்தார். அவர்கள் வந்தபோது கேட் விரியத் திறந்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். பெருமையோடு இரண்டு கதவையும் சாத்தினேன்.

கண் முழித்துப் பார்த்தது.

"இது கேம்ல வார ரகசியக் கூட்டத்துட சின்னமெல்லோ!" என்றார் தம்பி, சந்தோசமாக.

"என்ன கூட்டம்?" என்றார் மாமா.

"அப்பிடி ஒண்டு உண்மையில இல்ல மாமா. சும்மா கதை."

"இல்லாத கூட்டத்துக்கு என்னத்துக்குச் சின்னம்?"

"அவங்க நல்லவங்க மாமா. கெட்ட ராசாமார மட்டுந்தான் ஒளிஞ்சி நிண்டு கொல்லுவாங்க."

"ஓம் மாமா, கெட்டவங்கள மட்டுந்தான்" என்று நானும் சாட்சி சொன்னேன். அந்த விளையாட்டை நான் கண்டதே இல்லை.

மாமா கேட்டை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "ஒத்தக் கண்ணு. தஜ்ஜாலுக்குத்தானே ஒத்தக் கண்ணு?"

உலக முடிவில் வருவான் என்று சொல்லி எங்களைப் பயமுறுத்தி வளர்த்த அந்தப் பொய்யனை, நானே காசு கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

"படிச்சிக் கிழிச்சது இதுதானா மகன்?" என்றார் வாப்பா.

"கேட்டத் திறந்தே வச்சா தெரியாது வாப்பா" என்றேன். ஏ.எல். பாஸானவனுக்குத்தான் இப்படி யோசனை வரும்.

"இந்தக் கண்ணு போற வரைக்கும் கலியாணக் கதை வேணாம்" என்று மாமா எழும்பினார். தொட்டால் ஒட்டிவிடும் போல, மூவரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

ராத்தா அழுவாள் என்று நினைத்தேன். வெளியே வந்து கேட்டை ஒரு தரம் பார்த்தாள். "வெல்டரக் கூப்பிடு. அவரு வராட்டி நானே அரிவாளால கொத்துவன். முதல்ல கேட்ட, பொறகு ஒன்ன."

மறுநாளே வெட்டி, வெறும் தகடு வைத்தோம். வெள்ளிக்கிழமை மாமா வந்து தகட்டைத் தடவி, "இப்பதான் வீடு மாதிரி இரிக்கி" என்றார். அடுத்த கிழமை மாப்பிள்ளை வந்தார். வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சின்னம் எங்க மச்சான்? தம்பி போட்டோ அனுப்பினான். என்ன வடிவு!"

வெட்டுக்கூலி, தகடு, பெயின்ட் எல்லாம் ராத்தா கல்யாணச் சேலைக்குச் சீட்டுப் போட்டுச் சேர்த்ததிலிருந்து போனது: பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.